தீசிஸ்க்கு ஏரிக்கரைக் களமா, மீன் மார்க்கெட்டா, மாடித்தோட்டமா? எதை எடுக்கலாம்

பி.ஆர்க் (கட்டடக்கலைப் படிப்பு) கடைசி வருஷமான அஞ்சாவது வருஷம் வந்துட்டா ஒவ்வொரு பேட்ச்லயும் நாலஞ்சு பேராவது "சூழல், சாப்பாடு, ஊர் ஜனம் மூணும் ஒண்ணா வர்ற மாதிரி தீசிஸ் பண்ணணும்"னு கிளம்பிடறாங்க. ரிவ்யூவுக்குப் போய் உட்கார்றப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச டாபிக் இதுதான், அதிகமா சொதப்பற டாபிக்கும் இதேதான். பசங்களுக்கு டிசைன் வராம இல்ல. எடுத்த சைட்டும் (இடம்) எழுதின ப்ரோக்ராமும் (அங்க என்னென்ன நடக்கும்ங்கற பட்டியல்) ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம நிக்கும், அவ்ளோதான். சினாப்சிஸ் (தீசிஸ் பத்தின சுருக்கம்) குடுக்கப் போறவங்களுக்காக, நம்ம பக்கம் வழக்கமா எடுக்கற அஞ்சு வழியையும் வச்சு எது தேறும் எது தேறாதுன்னு என் கணக்குல சொல்றேன். அஞ்சையும் சமமா பேசப் போறதில்ல, ஏன்னா அதுங்க சமம் இல்ல.

நான் ரெண்டே கேள்விதான் கேப்பேன். கட்டி முடிச்சு போட்டோ எடுத்துட்டு நீங்க கிளம்பின மறுநாள் அந்த இடத்தோட சாவி யாருகிட்ட இருக்கும்? "கம்யூனிட்டி பாத்துக்கும்"னு எழுதினா அது பதிலே இல்ல, கம்யூனிட்டிக்கு கரண்ட் பில் யாரு கட்டுவாங்கன்னு அடுத்த கேள்வி வரும். ஒரு பதவி, ஒரு சங்கம், ஒரு குத்தகைக்காரர், ஏற்கனவே சம்பளமோ வருமானமோ வாங்கிட்டு அந்த வேலையைப் பார்த்துட்டு இருக்கற யாராவது ஒருத்தர் வேணும். அடுத்தது காலண்டர். பத்தாவது செமஸ்டர் பெரும்பாலும் ஜனவரில ஆரம்பிச்சு மே மாசத்துக்குள்ள முடிஞ்சிடுது, அந்த அஞ்சு மாசத்துல அந்த இடத்துல நிஜமா என்ன நடக்கும், அதை உங்க கண்ணால பார்க்க முடியுமா?

சாவி விஷயம் ஏன் இவ்ளோ முக்கியம்னா பாரிஸ் பக்கத்துல கொலோம்ப்ங்கற ஊர்ல நடந்ததைப் பாருங்க. அங்க ஒரு ஆர்க்கிடெக்ட் குரூப் அக்ரோசிட்டேன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஊர்க்காரங்களே காய்கறி போடற நிலம், கம்போஸ்ட், சின்ன மார்க்கெட், மழைத்தண்ணி சேமிப்பு எல்லாம் சேர்ந்தது, உலகம் பூரா ஸ்டூடண்ட்ஸ் கேஸ் ஸ்டடியா எடுக்கற அளவுக்கு நல்லாவே நடந்துச்சு. 2014ல நகராட்சி நிர்வாகம் மாறுச்சு, புது மேயர் அந்த இடத்துல கார் பார்க்கிங் வேணும்னுட்டார், 2017ல கழட்ட வேண்டியதாயிடுச்சு. கழட்டி மாட்டற மாதிரி கட்டியிருந்ததால பக்கத்து ஊரான ஜென்வில்லியேக்குத் தூக்கிட்டுப் போய் திரும்ப நிறுத்தினாங்க, அது அவங்க புத்திசாலித்தனம். நம்ம பசங்க வரைஞ்சு ஒட்டற ஷீட்ல அக்ரோசிட்டே படம் நிறைய பாத்திருக்கேன், அந்த 2017 கதை ஒருத்தர் ஷீட்லயும் இருந்ததில்ல.

முதல்ல ஈசியா தள்ளிவிடக்கூடியதை முடிச்சிடறேன். வெர்டிக்கல் ஃபார்ம் டவர். பதினைஞ்சு மாடி, ஒவ்வொரு பால்கனிலயும் பச்சை, கீழ ஃபுட் கோர்ட், கம்ப்யூட்டர் ரெண்டர் படத்துல பிரமாதமா இருக்கும். செடிக்கு வேண்டியது வெளிச்சம், சென்னை வெயில் எவ்ளோ அடிச்சாலும் அது விழறது மொட்டை மாடிலயும் வெளிச்சுவர்லயும் மட்டும்தான், உள்ள அடுக்கின மாடிக்கெல்லாம் எல்இடி போட்டு ஏசி போட்டுதான் வளர்க்கணும், அப்பறம் "சஸ்டெய்னபிள்"ங்கற வார்த்தையை எந்த மூஞ்சியோட எழுதறது? அப்படி வளர்க்கறதுலயும் காசு தேறுறது கீரை, லெட்யூஸ் மாதிரி இலைங்க மட்டும்தான், அரிசியும் பருப்பும் அங்க விளையாது. இந்தத் துறையில பெரிய பேரா இருந்த அமெரிக்காவோட ஏரோஃபார்ம்ஸே 2023ல திவால் மனு போட்டுச்சு. சாவி யாருகிட்டன்னு கேட்டா "ஒரு கார்ப்பரேட் ஆபரேட்டர்"னு பதில் வரும், அப்ப கம்யூனிட்டி எங்க?

ரெண்டாவது, மார்க்கெட். இதுல ரெண்டு வகை இருக்கு, கோயம்பேடு மாதிரி ராட்சச சைஸ், இல்ல உழவர் சந்தை மாதிரி கைக்கு அடங்கற சைஸ். கோயம்பேடு 1996ல வந்தது, 295 ஏக்கர், மூவாயிரத்துக்கும் மேல கடை, அதை ஒரு செமஸ்டர்ல மெஷர் பண்றதுக்கே நாலு பேர் வேணும். குப்பையிலேர்ந்து பயோகேஸ் எடுத்துக் கரண்ட் ஆக்கறோம்னு எல்லாரும் வருவாங்க, அந்த யோசனை அங்க ஏற்கனவே ப்ளாண்ட்டா வந்த யோசனைதான், உங்க தீசிஸ்ல புதுசா என்ன இருக்குன்னு ஜூரி, அதாவது மார்க் போட வர்ற குழு, கேட்டா பதில் தயாரா இருக்கணும். 2020 மே மாசம் கொரோனா கிளஸ்டர்னு மூடி திருமழிசைக்கு மாத்தினாங்களே, அப்ப ஒரு திறந்த நிலத்துல தகரக் கூரை போட்டு ஒரு நகரத்துக்கே காய்கறி விநியோகம் நடந்துச்சு, கட்டடம்னு நாம நினைக்கறதுல எவ்ளோ நிஜமா தேவைன்னு யோசிக்க அது ஒரு நல்ல கேஸ், ஆனா யாரும் எடுக்கறதில்ல.

உழவர் சந்தை எனக்கு இதைவிட நூறு மடங்கு தேவலாம். 1999ல மதுரைல ஆரம்பிச்சது. அடையாள அட்டை வச்சிருக்கற விவசாயி மட்டும்தான் விக்கலாம், விலையை காலையிலயே போர்டுல எழுதிடுவாங்க, ஹோல்சேல் விலைக்குக் கொஞ்சம் மேல, வெளிக்கடை விலைக்குக் கீழ. சாவிக்கு ஆள் இருக்கு, வேளாண் விற்பனைத் துறை ஆபீஸ் சந்தைக்குள்ளயே உட்கார்ந்திருக்கு. பிரச்சினையும் வாய்ப்பும் ஒண்ணேதான்: பெரும்பாலான சந்தை விடிகாலைல ஆரம்பிச்சு பத்து பதினோரு மணிக்கெல்லாம் காலி, அப்பறம் ஊருக்கு நடுவுல அவ்ளோ பெரிய கூரை அடிச்ச இடம் நாள் பூரா சும்மா கிடக்கு. அந்த மிச்ச நேரத்துக்கு யாரு வருவாங்க, விக்காம நின்ன காய் எங்க போகுது, பஸ்ல மூட்டையோட வந்து இறங்கற அம்மாவுக்கு ராத்திரி தங்க, பல்லு விளக்க எங்க இடம், இதுல ஒரு நல்ல தீசிஸ் இருக்கு. ஒரே குறை, சூழல்ங்கற கால் கொஞ்சம் நொண்டும். கம்போஸ்ட் குழியும் சோலாரும் போட்டு ஒப்பேத்தறது பத்தாது.

மூணாவது, மாடித்தோட்டம் ப்ளஸ் கம்யூனிட்டி கிச்சன், சைட் பெரும்பாக்கம் இல்ல கண்ணகி நகர். நகரத்துக்குள்ள ஆத்தோரத்துலயும் கால்வாய் ஓரத்துலயும் இருந்தவங்களைக் கொண்டுபோய் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் பக்கத்துல குடி வச்ச இடம், அந்த சதுப்பு 2022ல ராம்சார் சைட் (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்) ஆயிடுச்சு, சுமார் 1,247 ஹெக்டேர். சூழல் இருக்கு, ஜனம் இருக்கு, சாப்பாட்டுப் பிரச்சினையும் இருக்கு, ஏன்னா வேலைக்கு சிட்டிக்குள்ள போகணும்னா விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும், அந்த வீட்டுல காலைல யாரு எப்ப சமைக்கறது. பேப்பர்ல மூணும் அழகா உட்கார்ந்துக்கும்.

சிக்கல் மொட்டை மாடில ஆரம்பிக்குது. ஆள் போற மாடிக்கு நாம டிசைன் பண்ற லைவ் லோடு (ஆள், சாமான் மாதிரி வந்து போற எடை) சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், கிட்டத்தட்ட 150 கிலோ. ஒரு அடி ஆழத்துக்கு மண்ணு கொட்டி அது மழைல ஊறினா சதுர மீட்டருக்கு 500 கிலோ தாண்டும். தேங்காய் நார்க்கழிவு கலந்த பை வச்சா வெயிட் பாதியா குறையும், அதையும் பீம் மேல பாத்து பாத்து வைக்கணும். இந்த ஒரு கணக்கைப் போடாம ஷீட் முழுக்க பச்சை அடிச்சுட்டு வர்றவங்க எத்தனையோ பேர். போதாக்குறைக்கு மாடி முழுக்க தண்ணித் தொட்டி, கேபிள், ஏணி, பாதி ப்ளாக்ல மாடிக்கதவுல பூட்டு. அந்தப் பூட்டோட சாவி யாருகிட்டன்னு விசாரிச்சாலே உங்களுக்கு தீசிஸ் பத்தின பாதி உண்மை தெரிஞ்சிடும். காலண்டரும் உதவாது, ஜனவரில வெண்டையும் கத்திரியும் நல்லா வரும், ஏப்ரல் மே வெயில்ல சென்னை மொட்டை மாடி கொதிக்கும், ஃபைனல் ஜூரி நேரத்துல நீங்க காட்ட வேண்டிய தோட்டம் கருகிக் கிடக்கும். தண்ணி கணக்கு மட்டும் சாதகமா வரும், சென்னைக்கு வருஷ மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், நூறு சதுர மீட்டர் மாடிலேர்ந்து வீணானது போக ஒரு லட்சம் லிட்டருக்கு மேல பிடிக்கலாம், ஆனா அதுல பெரும்பங்கு அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள வந்து முடிஞ்சிடும், மே மாசத்துக்கு அதை வைக்கறதுக்கு எவ்ளோ பெரிய தொட்டி வேணும்னு நீங்களே வகுத்துப் பாருங்க.

இந்த சைட்டை எப்படியும் எடுக்கணும்னு இருக்கறவங்களுக்கு என் யோசனை, மாடிய விட்டுட்டு கீழ இறங்குங்க, அங்க இருக்கற அரசுப் பள்ளியோட சத்துணவுக் கூடத்தை எடுங்க. சிரிக்காதீங்க, சின்ன பில்டிங்னு ஒதுக்கற அந்த இடத்துலதான் சாவிக்குப் பக்கா பதில் இருக்கு: அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர்னு மூணு போஸ்ட் அரசாங்கமே போட்டு வச்சிருக்கு. காமராஜர் காலத்துல 1956ல மதிய உணவு, 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022ல காலை உணவுன்னு மூணு தலைமுறையா நடக்கற ஒரு திட்டத்தோட கிச்சன் இன்னிக்கும் எப்படி இருக்குன்னு போய் பாருங்க. புகையும் ஆவியும் எங்க போகுது, அண்டாவ இறக்கற உயரம் என்ன, அரிசி கழுவின தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, பசங்க கை கழுவற இடத்துல ஏன் எப்பவும் சேறு, அந்தத் தண்ணிய வச்சே ஒரு வாழை, ரெண்டு முருங்கை, ஒரு கறிவேப்பிலை வளர்த்தா கூடத்துக்கே ஆகுமே. இதுக்கெல்லாம் 1:20 ஸ்கேல்ல செக்ஷன் (குறுக்கு வெட்டுப் படம்) போட்டு வந்தா எந்த ஜூரியும் "ஆர்க்கிடெக்சர் எங்க"ன்னு கேட்க மாட்டாங்க. பில்ட்-அப் ஏரியா (கட்டடப் பரப்பு) பத்தாதுன்னு கைடு சொன்னா ஒரே பகுதில இருக்கற எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து ஒரு நெட்வொர்க்கா பண்ணுங்க.

நாலாவது, மீன். சென்னைல உட்கார்ந்துட்டு ஊருக்கெல்லாம் போக முடியாதுன்னா நான் இதைத்தான் சொல்வேன். ஆனா எந்த இடம்ங்கறது ரொம்ப முக்கியம்.

எண்ணூர் கழிமுகம்னு நிறைய பேர் வர்றாங்க. கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற இடம், அனல்மின் நிலைய சாம்பல், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட சேர்ந்து பரவின எண்ணெய், எல்லாம் நியூஸ்ல வந்ததுதான். கோவம் வர்ற இடம், கோவத்தோட தீசிஸ் பண்றதும் நல்லதுதான், ஆனா இங்க "சாப்பாடு"ங்கற வார்த்தையை யோசிச்சு எழுதுங்க. மீன்ல எண்ணெய் வாடை அடிக்குதுன்னு வாங்க ஆள் இல்லாம அந்த ஜனம் நின்ன இடத்துல, நீங்க போய் சீஃபுட் ரெஸ்டாரன்ட்டும் போர்டுவாக்கும் வரைஞ்சா அது அவங்களுக்கே கேலியா தெரியும். எண்ணூர்ல நேர்மையா பண்ணணும்னா அலையாத்திக் கன்று வளர்க்கற நர்சரி, தண்ணியும் மீனும் டெஸ்ட் பண்ற சின்ன லேப், வலை பின்ற இடம், இந்த அளவுலதான் வரும், அதோட ஈரச்சேறும் அலையாத்தியும் இருக்கற பகுதி சிஆர்இசட், அதாவது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி தொடவே கூடாத வகைல விழும், மேப்பை முதல்ல பாத்துடுங்க.

மெரினா பக்கத்து மீனவர் குப்பமான நொச்சிக்குப்பம் பக்கம் வேற கதை. லூப் ரோட்டோரம் கடல் பக்கத்துல உட்கார்ந்து மீன் வித்துட்டு இருந்த பெண்களை 2023 ஏப்ரல்ல கோர்ட் உத்தரவுன்னு அப்புறப்படுத்தினப்ப பெரிய போராட்டமே நடந்துச்சு, அப்பறம் 2024 ஆகஸ்ட்ல மாநகராட்சி முந்நூறுக்கு மேல ஸ்டால் வச்ச புது மார்க்கெட் திறந்துச்சு. ஸ்டூடண்டுக்கு இதைவிட என்ன வேணும், முன்னாடி ரோட்டோரம் எப்படி வித்தாங்க, இப்ப கூரைக்குள்ள எப்படி விக்கறாங்க, எது வசதியாச்சு எது போச்சுன்னு நேர்ல கேட்டே ஒரு கேஸ் ஸ்டடி எழுதலாம். பைக்ல போறவர் இறங்காமலே விலை கேட்பார், கூரைக்குள்ள வந்தா அந்த வியாபாரம் என்ன ஆகுது? மேடை உயரம் உட்கார்ந்து வெட்டறவங்களுக்கா, நின்னு வாங்கறவங்களுக்கா? மீன் கழுவின தண்ணிய மணல் வாங்கிட்டு இருந்துச்சு, டைல்ஸ் வாங்குமா? வடிகால் சாய்வு ஒரு இஞ்ச் தப்பாப் போனா சாயங்காலத்துக்குள்ள நாறிடும். இந்தக் கேள்வியெல்லாம் அப்படியே உங்க ஊர்ல இருக்கற வேற ஏதாவது ஒரு குப்பத்துக்கு எடுத்துட்டுப் போங்க, அங்க இன்னும் மார்க்கெட் கட்டியிருக்க மாட்டாங்க.

சாவி இங்க பிரச்சினையே இல்ல, குப்பத்துக்குன்னு ஊர் பஞ்சாயத்து இருக்கு, மீனவர் கூட்டுறவு சங்கம் இருக்கு, விக்கற பெண்களுக்குள்ள எந்த இடம் யாருதுன்னு எழுதாத சட்டம் ஒண்ணு இருக்கு. பழவேற்காடு ஏரில பாடுன்னு ஒரு முறை, எந்த இடத்துல யாரு எப்ப வலை போடலாம்னு ஊர்க்காரங்களே முறை வச்சு பிரிச்சுக்கறது, அது எந்த அர்பன் டிசைன் கைட்லைனையும் விடத் தெளிவானது. அந்த எழுதாத சட்டத்தை ப்ளான்ல கொண்டு வர்றதுதான் உங்க டிசைன். காலண்டர்ல ஒரு கண்ணி இருக்கு: கிழக்குக் கரைல ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். சின்ன ஃபைபர் படகு போகும், ஆனா மீன் வரத்து, விலை, கூட்டம் எல்லாம் மாறிடும். சைட் ஸ்டடிய மார்ச்சுக்குள்ள முடிச்சுட்டு, ஏப்ரல் கடைசில ஒரு தடவை போய் வித்தியாசத்தைப் பார்த்தீங்கன்னா அதுவே ஒரு ஷீட் ஆகும். சிஆர்இசட் இங்க பயமுறுத்தாது, மீன் உலர்த்தற களம், ஏலக்கூடம், வலை பின்ற இடம், ஐஸ் ப்ளாண்ட் மாதிரி மீனவருக்கான வசதிக்கெல்லாம் அதுலயே தனியா இடம் குடுத்திருக்கு. ரிசார்ட் வரைஞ்சாத்தான் மாட்டிப்பீங்க.

இப்ப அஞ்சாவது, என் ஓட்டு விழற இடம்: ஏரியும் களமும்.

தமிழ்நாட்டுல சுமார் 39,000 ஏரி கண்மாய் இருக்குன்னு எல்லா ரிப்போர்ட்லயும் வரும், அந்த நம்பரை ஷீட்ல பெருசா போட்டுட்டு கீழ ஒரு "லேக்ஃப்ரன்ட் டெவலப்மென்ட்" வரைஞ்சிடுவாங்க, வாக்கிங் ட்ராக், போட்டிங், ஃபுட் கியாஸ்க். அது பூங்கா, ஏரி இல்ல. ஏரின்னா தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால், கரை, தண்ணி திறக்கற மதகு, மிச்சத் தண்ணி வழியற கலங்கல், அதுக்குக் கீழ ஏரித் தண்ணி பாயற ஆயக்கட்டு நிலம், தண்ணி திறந்து விடற நீர்க்கட்டி, மீன் குத்தகை எடுத்தவர், வண்டல் மண் அள்ற விவசாயி, ஆடு மேய்க்கறவர், எல்லாம் சேர்ந்த ஒரு ஏற்பாடு. இதுங்களுக்குள்ள சண்டையும் உண்டு, மீன் குத்தகைக்காரருக்கு ஒரு கணக்கு, கடைசி மடை விவசாயிக்கு வேற கணக்கு. இந்த மூணு வார்த்தை டாபிக், அதான் சூழல் சாப்பாடு ஜனம், இங்க நீங்க சேர்க்கவே வேண்டாம், ஏற்கனவே முடிச்சுப் போட்டு இருக்கு. வேடந்தாங்கலை நினைச்சுப் பாருங்க, முப்பது ஹெக்டேர் அளவுல ஒரு ஏரி, பறவை எச்சம் விழுந்த தண்ணி வயலுக்குப் பாய்ஞ்சா உரம்னு ஊர்க்காரங்களே பறவைய சுட விடாம காவல் காத்து, 1798லயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் ப்ளேஸ்கிட்டேர்ந்து உரிமை எழுதி வாங்கினவங்க. சரணாலயத்துக்குள்ள நீங்க ஒண்ணும் கட்ட முடியாது, ஆனா கேஸ் ஸ்டடின்னா அதை விட்டுட்டு டென்மார்க் எதுக்கு?

சரி, அங்க என்ன கட்டறது? என் பதில் களம், அதாவது நெல்லு அடிச்சுக் காய வைக்கற பொதுத் தரை. அறுத்த நெல்ல ரோட்டுல கொட்டிக் காய வைக்கறதை மதுராந்தகம் பக்கமோ தஞ்சாவூர் பக்கமோ போனவங்க எல்லாரும் பாத்திருப்பீங்க, கல்லைச் சுத்தி வச்சு பாதி ரோட்டை மறிச்சிருப்பாங்க. ஏன்னா அரசாங்க நெல் கொள்முதல் நிலையத்துல 17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா எடுக்க மாட்டாங்க, மழை பெய்யற வருஷத்துல அதைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்கு எழுதறது வழக்கமாவே ஆயிடுச்சு. முன்னாடி கதிர் அறுத்துக் கட்டுக் கட்டி களத்துல அடிச்சுக் காய வச்ச காலத்துல வேலை பல நாள் நீளும், இப்ப மிஷின் ஒரு மணி நேரத்துல ஒரு ஏக்கரைக் கொட்டிடுது, ஈரத்தோட. கொட்ட இடம் இல்ல. ஊர்ல இருந்த களத்துமேடு பாதி ஆக்கிரமிப்பு, பாதில பஞ்சாயத்தே ஏதாவது கட்டிடுச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்க, ஜூரிக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஒரு டன் நெல்லு கிட்டத்தட்ட 1.7 கன மீட்டர். அஞ்சு சென்டிமீட்டர் தடிமன்ல பரப்பினா 34 சதுர மீட்டர் தரை வேணும். ஏக்கருக்கு ரெண்டு டன்னு வச்சா 70 சதுர மீட்டர். நூறு ஏக்கர் ஆயக்கட்டு முழுக்க ஒரே நாள்ல வந்தா 7,000 சதுர மீட்டர், ஆனா அப்படி வராது, ஒரு நாளைக்குப் பத்து ஏக்கர், காய மூணு நாள்னு எடுத்தா ஒரு நேரத்துல முப்பது ஏக்கர் நெல்லு தரைல கிடக்கும், சுமார் 2,100 சதுர மீட்டர். காலேஜ்ல கேக்கற பில்ட்-அப் ஏரியாவுக்குக் கிட்ட வந்துட்டீங்க பாருங்க, அதுவும் ஏசி ஆடிட்டோரியம் இல்லாம. அதுல எவ்ளோ பங்குக்குக் கூரை, மழை திடீர்னு வந்தா எத்தனை நிமிஷத்துல இழுத்து உள்ள தள்ளணும், தரை சாய்வு எந்தப் பக்கம், லாரி ஏத்தற மேடை என்ன உயரம், 40 கிலோ மூட்டைய ஒரு ஆள் எவ்ளோ தூரம் தூக்கிட்டுப் போறார், எலி ஏறாம அடித்தளத்தை எப்படி முடிக்கறது. கூரைத் தண்ணி ஊருணிக்குப் போகட்டும். அறுப்பு இல்லாத மாசத்துல அதே தரைல வாலிபால் ஆடுவாங்க, கூத்து நடக்கும், கல்யாணப் பந்தல் போடுவாங்க, கிராம சபை கூடும். நீங்க "மல்டிபர்பஸ் ஹால்"னு தனியா ஒண்ணு எழுத வேண்டியதே இல்ல.

விதை வங்கி சேர்க்கலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. சேர்க்கலாம், ஆனா கண்ணாடி டப்பால நெல்லு வச்சு லைட் போட்டா அது மியூசியம். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்துல நெல் திருவிழாவுல பண்ணினது என்னன்னா, மாப்பிள்ளை சம்பா மாதிரி பாரம்பரிய ரகத்துல ரெண்டு கிலோ விதை குடுப்பார், அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் குடுக்கணும். அதுல கட்டடமே கிடையாது, ஒரு வாக்குறுதிதான். அந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கற ஊரா இருந்தா ஒரு ரூம் போதும், வைக்கோல் பிரி சுத்தின விதைக்கோட்டை, மண் குதிர் எல்லாம் ஏன் அப்படி இருந்துச்சுன்னு படிச்சீங்கன்னா சுவர் டீடெயில் தானா வரும்.

சட்டப் பக்கம் ஒண்ணே ஒண்ணு, ஏரி உள்வாய்ல (கரைக்கு உள்ள தண்ணி நிக்கற பகுதி) எதையும் வரையாதீங்க, 2007லயே ஏரி பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றவும் தனிச் சட்டம் வந்தாச்சு. கரைக்கு வெளிய களம் புறம்போக்குன்னு இருக்கற நிலத்தைத் தேடுங்க, விஏஓகிட்ட எஃப்எம்பி ஸ்கெட்ச்சும் (நில அளவைப் படம்) 'அ' பதிவேடும் (நில விவரப் பதிவேடு) பாத்தா தெரிஞ்சிடும். ஏரி யாரு கைல இருக்குன்னும் கேட்டுக்கங்க, நூறு ஏக்கர் ஆயக்கட்டுக்கு மேலன்னா நீர்வளத்துறை, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம். சாவிக்கு அந்தப் பதிலே போதும், கூடவே ஆயக்கட்டுதாரர் சங்கமோ நீர்க்கட்டியோ இருந்தா இன்னும் நல்லது.

காலண்டர்தான் இதுக்குப் பெரிய ப்ளஸ். செங்கல்பட்டு காஞ்சிபுரம் பக்கம் சம்பா அறுப்பு ஜனவரி பிப்ரவரில, அதாவது உங்க செமஸ்டர் ஆரம்பிக்கறப்பவே ரோட்டுல நெல்லு கிடக்கும். அப்பவே நவரை, அதாவது அடுத்த போக நெல்லு, நட்டிருப்பாங்க, ஏரித் தண்ணி வாரா வாரம் இறங்கறதை வச்சு அது வளர்றதைப் பார்க்கலாம், ஃபைனல் ஜூரிக்குக் கிட்ட அதுவும் அறுப்புக்கு வந்துடும். ஜனவரி 26 கிராம சபைக்குப் போய் உட்காருங்க, அங்க அரை நாள் கேக்கற சண்டையில கிடைக்கற ப்ரோக்ராமை எந்த கூகுள் ஃபார்ம் சர்வேயும் தராது. மைனஸ் என்னன்னா போக்குவரத்து. ஹாஸ்டல்ல இருக்கற பொண்ணுங்களுக்கு விடிகாலை களத்துக்குப் போக பர்மிஷன் வாங்கறதே ஒரு ப்ராஜெக்ட், அதுக்கு ரெண்டு பேரா ஒரே ஏரில வேற வேற சைட் எடுக்கறது நல்ல வழி. சொந்த ஊர்ல ஏரி இருந்தா யோசிக்கவே வேண்டாம், பாட்டி வீட்டுல தங்கிப் பண்ணுங்க.

அமெரிக்காவுல ஆபர்ன் யூனிவர்சிட்டியோட ரூரல் ஸ்டுடியோ 1993லேர்ந்து அலபாமா கிராமத்துலயே பசங்களைத் தங்க வச்சு நிஜமா கட்ட வைக்குது, அங்கயே தோட்டம் போட்டு அதுல வர்றதை சாப்பிடவும் செய்யறாங்க. நம்ம காலேஜ்ல அந்த ஏற்பாடு வர நாளாகும், ஆனா ஒரு அறுப்பு முழுக்க பக்கத்துல இருந்து பார்க்க அப்படி ஒரு பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

ஆக என் வரிசை: ஊர்ப்பக்கம் போய் வர வழி இருந்தா களம். சென்னையோடயே இருக்கணும்னா குப்பத்து மீன் மார்க்கெட், தடைக்காலத்தை மனசுல வச்சு. குடியிருப்புப் பகுதில ஆர்வம்னா மாடிய விட்டுட்டு சத்துணவுக் கூடம். கோயம்புத்தூர், மதுரை, சேலம் பசங்க உழவர் சந்தைய தாராளமா எடுக்கலாம், வீட்டுலேர்ந்து நடந்து போற தூரத்துல இருந்தா களத்தைவிட அதுவே மேல், தினம் காலைல போய் நிக்க முடியுமே. கோயம்பேடு குரூப் ப்ராஜெக்ட்டா இருந்தா மட்டும்.

வெர்டிக்கல் ஃபார்ம்னு ஏற்கனவே சினாப்சிஸ் குடுத்து அப்ரூவ் ஆனவங்க பதறாதீங்க, டைட்டிலை மாத்த விடாட்டியும் சைட்டை மாத்த பெரும்பாலும் விடுவாங்க. முதல் ரிவ்யூக்கு முன்னாடி பக்கத்துல இருக்கற ஒரு கொள்முதல் நிலையத்துக்குப் போய் ஒரு முழு நாள் நில்லுங்க, பட்டியல் எழுத்தர்கிட்டயும் சுமை தூக்கறவங்ககிட்டயும் பேச்சுக் குடுங்க, ஈரம் பாக்கற மிஷின்ல நம்பர் வர்றப்ப விவசாயி மூஞ்சிய கவனிங்க, டேப்பை எடுத்து மூட்டை அடுக்கு, தார்ப்பாய், லாரி திரும்பற இடம் எல்லாத்தையும் அளந்துட்டு வாங்க. மத்தியானம் சாப்பாடு கையோட எடுத்துட்டுப் போயிடுங்க, நிறைய இடத்துல பக்கத்துல கடை இருக்காது.